ஏழு நிமிடம்

டாவென்ட்ரி. இரவு வேலையின் இரண்டாம் இடைவேளை.
கன்டீன் மேசையில், பெற்றோல் பற்றுச்சீட்டின் பின்பக்கம்
நான்கு சொற்கள் எழுதி வைத்திருக்கிறேன்:
சான்றிதழ், டிப்ளோமா, பட்டம், முதுகலை.
சொல்லுக்கு எதிரே விலை.
விலைக்கு எதிரே வருடம்.
வருடத்துக்கு எதிரே அப்போது எனக்கு இருக்கப்போகும் வயது.
கடைசி வரியில் ஐம்பது.

ஸ்லவ்விலிருந்து மச்சான் யசோதரன்
ஸ்பீக்கரில் கத்துகிறான்:
“நேரே மாஸ்டர்ஸ் செய்.
செயற்கை நுண்ணறிவு. ஒரே வருசம். சம்பளம் அந்த மாதிரி.”
நேரே போக
பாதையில் ஒரு பட்டம் இருக்கவேண்டுமே.
என் உயர்தரப் பெறுபேறு
கிளிநொச்சியில் ஓர் இரும்பலுமாரிக்குள் இருந்தது.
கொழும்புக்கு எழுதினால் பிரதி தருவார்களாம்,
சுட்டெண் கேட்கிறார்கள்.
சுட்டெண்ணும் அதே அலுமாரியில்தான்.

எதிரே அக்னியெஷ்கா, அவித்த முட்டையின் கோதை உரித்தபடி
பற்றுச்சீட்டைத் தலைகீழாக வாசிக்கிறாள்.
வ்ரோத்ஸ்வாஃபில் மண்ணியல் முதுகலை முடித்தவள்.
இங்கே நாய்த்தீனி மூட்டைகளை
எடை பார்த்து அடுக்குகிறாள்.
“கீழே பாரம், மேலே லேசு.
பாறைகளும் அப்படித்தான்” என்கிறாள்.
சிரிப்பதா என்று தெரியாமல்
உப்பை அவள் பக்கம் தள்ளினேன்.

போன வெள்ளி காலை பத்து மணி,
எனக்கு அது நடுச்சாமம்.
பல்கலைக்கழகத்திலிருந்து கெதின் என்றொருவர் அழைத்தார்.
முதல் கேள்வி: “ஏன் கணினி?”
கையேட்டிலிருந்து ஒரு பதில் பாடமாக்கி வைத்திருந்தேன்,
எதிர்காலம், வாய்ப்பு, ஆர்வம் என்று.
வாயைத் திறந்தால்
வேறொன்று வந்தது.

தை மாதம், ஒரு செவ்வாய் விடியப்புறம்
மூன்று பன்னிரண்டிலிருந்து மூன்று பத்தொன்பது வரை
நான் ஸ்கேனரைத் தொடவில்லை.
கழிவறையில் இருந்தேன்.
ஏன் என்பது
எனக்கும் என் உடம்புக்கும் இடையிலான கதை.
வெளியே வர ஸ்கேனர் சிவந்திருந்தது.
இரண்டு நாள் கழித்து மேலாளர் கூப்பிட்டு
திரையை என் பக்கம் திருப்பினார்.
சும்மா இருந்த நேரம்: 7.
அழிக்கச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை.
யாருக்குத் தெரியும்? அதுவும் தெரியவில்லை.
“கணினி அப்படிச் சொல்கிறது” என்றார்,
நாளைக்கு மழை என்பதைப்போல.

“அந்த ஏழு எங்கே இருக்கிறது, கெதின்?
எந்த அட்டவணை, எந்த நிரல்?
அந்த நிரலுக்குச் ‘சும்மா’ என்று
பெயர் வைத்தவர் யார்?
நான் படிக்கவேண்டியது அதைத்தான்.
அது உங்களிடம் எந்த வகுப்பில் இருக்கிறது?”

மறுமுனையில் விசைப்பலகை கொஞ்ச நேரம் தட்டியது.
பிறகு, கவனமாக:
“அது தரவுத்தளம்.
சான்றிதழில் தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.
ஒழுங்காக வருவது டிப்ளோமாவில், இரண்டாம் கட்டம்.”
“அப்ப நான் டிப்ளோமா வரைக்கும் வாறன்.”
“அதற்குப் பிறகு?”
“முதலில் அந்த ஏழைப் பார்க்கிறேன்.
பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.”
அவர் சிரிக்கவில்லை. எதையோ குறித்துக்கொண்டார்.
பழைய பெறுபேறு வேண்டுமா என்று கேட்டேன்.
சான்றிதழில் தொடங்குகிறவர்களிடம்
அலுமாரி பற்றி எதுவும் கேட்பதில்லை என்றார்.
அவர் சொன்ன சொல் வேறு,
எனக்குக் கேட்டது அப்படி.

விண்ணப்பத்தை இன்று மாலை அனுப்பிவிட்டேன்.
பஸ்ஸுக்குள், ஒரு கையால்.
‘தற்போதைய தொழில்’ என்ற பெட்டியைத் திறந்தால்
நூறு வேலைகள் இறங்கி வந்தன, என் வேலை இல்லை.
‘மற்றவை’யை அழுத்தினேன்.
அந்தப் பட்டியலும் எங்கோ ஓர் அட்டவணைதானே.
அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

இடைவேளை முடிய இன்னும் நான்கு நிமிடம்.
ஸ்கேனர் இப்போதே முனகுகிறது:
நாற்பத்தோராம் நிரை, கீழ்த்தட்டு, பன்னிரண்டு பெட்டி.
பற்றுச்சீட்டில் பட்டத்தை வெட்டவில்லை,
முதுகலையையும் வெட்டவில்லை.
ஐம்பது அதன் பாட்டுக்கு அங்கே இருக்கட்டும்.
டிப்ளோமாவைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம்,
பேனா காகிதத்தைக் கொஞ்சம் கிழித்துவிட்டது.

பேனா அக்னியெஷ்காவினது.
அவள் அடுக்கத் தொடங்குமுன் கொடுத்துவிட வேண்டும்.